வியாழக்கிழமைப் போத்தல்

தூதுவளையை வெயிலில் போடக்கூடாது.
முதல் வருசம் இது எனக்குத் தெரியாது.
கூரைத் தகரத்தில் பரப்பிவிட்டு
வெங்காயத்துக்குத் தண்ணி மாறப் போனேன்.
திரும்பி வரும்போது இலையெல்லாம்
பழைய கடுதாசி நிறம்.
கசக்கினால் தூள். மணந்தால் தகரம்.

அடுத்த முறை நிழல்.
நிழலென்று எனக்கிருந்தது மாட்டுக் கொட்டில்.
மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம்.
ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான்
நிவாரணத்தில் வந்த நுளம்பு வலையின்
கிழிசல் போக மிச்சத்தை
வேம்புக்கும் தண்ணித்தாங்கிக் காலுக்கும் நடுவில்
ஏணை மாதிரிக் கட்டினேன்.
மேலே தறப்பாள். கீழே வெறும் காற்று.
முத்தையன்கட்டில்
ஆடி மாதத்துக் கச்சான்
உதட்டை வெடிக்க வைக்கும்,
கிடுகைப் பிய்த்து அடுத்த வளவில் போடும்.
அதே காற்று
இலையைப் பச்சை குலையாமல் காயவைத்தது,
நாலே நாளில்.

முள்ளுக்குத் தனிக் கணக்கு.
இலையின் முதுகில் முள், காம்பில் முள்.
விரல் நுனியில் முறிந்த முள்ளோடுதான்
குழுக்கடன் கொப்பியில்
பாதிக் கையெழுத்துகள் போட்டிருக்கிறேன்.

ஒரு கடகம் இலை
காய்ந்தால் அரைக் கடகம் என்று நினைத்திருந்தேன்.
ஒரு சுண்டு.
அரைத்து அரித்தால் அதுவும் தலைதட்டாது.
அள்ளி ஊற்றின வாளியெல்லாம் எங்கே போனதென்று
அரிதட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
மிளகும் வேர்க்கொம்பும் சேர்த்த பிறகே
நெஸ்டமோல்ட் போத்தல் நிறைந்தது.
மாரிக்கு மூடி இறுக்கினேன்.

வியாழன் பத்தரைக்குக் கஜீபன் வருவான்.
சிவப்பு மோட்டார் சைக்கிள், நெஞ்சுக்குக் குறுக்கே பை.
ஆறு பேர் ஒரே முற்றத்தில் இருப்போம்.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற ஐந்து பேரும் எழும்பேலாது.

கார்த்திகையில் ஒரு வியாழன்
பெயர் வாசிக்க விடாத இருமல் அவனுக்கு.
"மரிய..." என்றான். இருமினான்.
"மரிய..."
மரியநாயகியின் மிச்சப் பெயருக்காக
எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம்.

நான் எழும்பியது இரக்கத்தில் இல்லை.
அடுப்பில் உலை கொதித்தபடி இருந்தது.
இவன் மத்தியானம் வரைக்கும் இருமினால்
நாங்களும் மத்தியானம் வரைக்கும்.
இரண்டு பல்லு உள்ளி, கொஞ்சம் புளி,
அரைக் கரண்டித் தூள்,
ஒரு கொதி.

குடித்தான். கண் கலங்கியது, மூக்கு வடிந்தது.
கொஞ்ச நேரம் வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு மரியநாயகியை முழுதாக வாசித்தான்.
என்னையும் வாசித்தான்,
என் பிந்திய தவணையையும்,
ஒரு செருமல்கூட இல்லாமல்.

அடுத்த வியாழன் பத்து மணிக்கே வந்துவிட்டான்.
"அக்கா, அந்தத் தூள் கிடக்கோ?
அம்மாவுக்கு இழுப்பு."
போத்தலை எடுத்து வந்தேன்.
"எவ்வளவு?"
இலைக்கு இதுவரை நான் விலை சொன்னதில்லை.
"ஐந்நூறு" என்றது என் வாய்.
எனக்கே கேட்கச் சங்கடமாக இருந்தது.

"தவணையில கழிச்சுவிடன் தம்பி."
"அதுக்கு ரசீது இல்லையக்கா."

சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த தாள் ஒன்றை நீட்டினான்.
வாங்கினேன்.
மடிப்பை விரித்தேன்.
இடுப்பில் முடிந்திருந்த மற்றத் தாள்களோடு சேர்த்து
அவனிடமே கொடுத்தேன்.
அவன் அதைத் தோள்பைக்குள் வைத்தான்.
அவன் நெஞ்சிலிருந்து அவன் இடுப்புக்கு
ஒரு முழத் தூரம்.
நடுவில் என் கை.

கொப்பியில் எழுதும்போது தும்மினான்.
தாளில் என் விரல்,
விரலில் தூள்.

எழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது.
ஆனாலும் கட்டியது கட்டியதுதான்.

இன்றைக்குக் கிணற்றடி வல்லாரையை
வலையில் பரப்பியிருக்கிறேன்.
ஒட்டுசுட்டான் தேத்தண்ணிக் கடைக்கு
வெறும் போத்தல் கேட்டுச் சொல்லி அனுப்பியாயிற்று.
ஆறு வேணும்.
மூடி இறுக்கமானதாய்.